ஒரு கோயில், ஒரு மூலை: உழவாரப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிவன் கோயிலின் திருச்சுற்றில் சைவ அடியார் நால்வரின் சிலைகள் நிற்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சிறு பிள்ளையாக இருப்பவர் சம்பந்தர். கையில் ஏடு வைத்திருப்பவர் மாணிக்கவாசகர். தோளில் நீண்ட காம்புள்ள ஒரு கருவியைச் சாய்த்தபடி கைகூப்பி நிற்பவர்தான் அப்பர் என்கிற திருநாவுக்கரசர். அந்தக் கருவியின் பெயர் உழவாரம். தரையோடு ஒட்டிப் புல்லைச் செதுக்கி எடுக்கும் தட்டையான இரும்புத் தகடும் அதற்கு ஒரு மரக்காம்பும்தான் அது. ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து பதிகம் பாடிய ஒருவரை, புல் செதுக்கும் கருவியோடுதான் நம் முன்னோர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பணி ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருப்பவர்களும், படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் என்னிடம் மனம்விட்டுப் பேசும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நான் எதற்காக இருக்கிறேன் என்றே தெரியவில்லை. என்ன செய்வது?" ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக்கு ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான் என் பதில். கேள்வியைத் தட்டிக்கழிப்பதற்காக இதைச் சொல்வதில்லை. நானும் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு ஆண்டுகள் வீட்டில் உட்கார்ந்து இதே கேள்வியை மென்றுகொண்டிருந்தவன். யோசித்து யோசித்து எனக்கு விடை கிடைக்கவில்லை. நெருஞ்சி மண்டிய ஒரு பிராகாரத்தில் குனிந்து பத்தடி தூரம் செதுக்கி முடித்தபோது, கேள்வியே நினைவில் இல்லை.

உழவாரப் பணி என்றவுடன் அப்பரைச் சொல்கிறோம். எனக்கு அவருடைய அக்கா திலகவதியாரின் நினைவுதான் முதலில் வரும். கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்தவர்கள் இருவரும். இளம் வயதிலேயே தாய் தந்தையர் போனார்கள். அக்காவுக்கு மணம் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பிக்காகத் தங்கினார். அந்தத் தம்பியும் சமண சமயத்தைத் தழுவி வீட்டைவிட்டுப் போய்விட்டார். எல்லாம் கைவிட்டுப் போன அந்தப் பெண் திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து, விடிவதற்கு முன் எழுந்து, கோயிலைப் பெருக்கி, ஆவின் சாணத்தால் மெழுகி, பூக்கொய்து மாலை கட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பல ஆண்டுகள் கழித்துச் சூலை என்னும் கொடிய வயிற்று நோயோடு தம்பி திரும்பி வந்தபோது, அக்கா அதே பணியில்தான் இருந்தார். திருநீறு கொடுத்து, விடியுமுன் பெருக்கவும் மெழுகவும் போகும்போது அவரையும் கோயிலுக்கு அழைத்துப் போனார். அப்பர் என்ற பெரிய வாழ்வின் வாசலில் ஒரு பெண்ணின் துடைப்பம் இருக்கிறது.

இனி, எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

கோயிலைத் தேர்ந்தெடுத்தல்

புகழ்பெற்ற தலங்களை விட்டுவிடுங்கள். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸிலோ சைக்கிளிலோ ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய, ஒரு வேளை விளக்குக்கே திண்டாடும் சிறிய கோயிலைப் பாருங்கள். இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வருமானமே இல்லாதவை. காவிரிப் படுகையிலோ பாலாற்றங்கரையிலோ எந்தச் சிற்றூருக்குள் நுழைந்தாலும், கருவறை மேல் அரசங்கன்று முளைத்த ஒரு கோயில் கண்ணில் படாமல் போகாது.

ஒரு வேண்டுகோள். பல உழவாரக் குழுக்கள் மாதம் ஒரு புதுக் கோயில் என்று போகின்றன. புதியவர்களுக்குப் பழக்கம் ஏற்பட அது நல்ல வழிதான். முதல் மூன்று நான்கு முறை அப்படி ஒரு குழுவோடு போய் வாருங்கள். வேலையும் ஒழுங்கும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் ஒருமுறை செதுக்கிய புல் இரண்டு மழையில் திரும்ப முளைத்துவிடும். ஐம்பது பேர் ஒரு நாள் சுத்தம் செய்து, புகைப்படம் எடுத்து, திரும்பிப் பார்க்காமல் விட்ட கோயில் ஆறு மாதத்தில் பழையபடியே ஆவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே கோயிலுக்கு இரண்டு பேர் மாதந்தோறும் போனால் அது பிழைத்துக்கொள்ளும். ஆகவே பழகிய பிறகு ஒரு கோயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுக் கோயிலும் பாரமாகத் தெரிந்தால், சண்டிகேசுவரர் சந்நிதியைச் சுற்றியுள்ள ஒரு மூலை போதும்.

அனுமதி

இதைத் தவிர்க்கவே கூடாது. நல்ல எண்ணம் இருக்கிறது என்பதால் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகும் உரிமை வந்துவிடாது. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடமோ, அறங்காவலர் இல்லாத கோயிலைக் கவனிக்க நியமிக்கப்பட்ட தக்காரிடமோ ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்னென்ன வேலை. கற்களையும் திருமேனிகளையும் அகற்றவோ, வண்ணம் பூசவோ மாட்டோம் என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த ஒரு வரி அலுவலரின் பாதித் தயக்கத்தைப் போக்கிவிடும். ஊர்ப் பொறுப்பில் உள்ள கோயில் என்றால் ஊர்ப் பெரியவர்களையும் குருக்களையும் நேரில் பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறையோ மாநிலத் தொல்லியல் துறையோ பாதுகாக்கும் சின்னம் என்றால் வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கும். அங்கே அவர்களின் அனுமதியில்லாமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது.

குருக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு கோயில்களில் ஒரே குருக்கள் மூன்று நான்கு ஊர்களுக்கு மிதிவண்டியிலோ மொபெட்டிலோ போய்ப் பூசை செய்கிறார். நாம் ஒரு நாள் வந்து அவரிடம் குறை சொல்வது பெரும் பிழை. "ஐயா, உங்களுக்கு எது முதலில் வேண்டும்?" என்று கேளுங்கள். கிணற்றுக்கு ஒரு வாளியும் கயிறும் வேண்டும் என்பார். மடைப்பள்ளிக் கூரை ஒழுகுகிறது என்பார். நாம் நினைத்து வந்த வேலையைவிட அவர் சொல்லும் வேலை பெரும்பாலும் அவசரமானதாக இருக்கும்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

உழவாரம் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ஊர்க் கொல்லரிடம் சொன்னால் அடித்துத் தருவார். கிடைக்கும்வரை களைக்கொத்தும் மண்வெட்டியும் போதும். தென்னை ஈர்க்குமாறு, அரிவாள், இரும்புச் சட்டி, குப்பை அள்ளக் காலிச் சாக்குகள், பழைய துணி, கெட்டியான கையுறை, மூக்கையும் வாயையும் மூடத் துண்டு. ஒரு குடம் குடிநீர். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறக்காமல் எடுத்து வாருங்கள். காலை ஆறரை மணிக்குத் தொடங்கினால் பதினோரு மணிக்குள் வெயில் வேலையை நிறுத்திவிடுங்கள். அதன்பின் மண்டப நிழலில் செய்யும் வேலைகள்.

புதர் இருக்கும் இடத்தில் கையை விடுவதற்கு முன் நீண்ட கழியால் தட்டி ஓசை எழுப்புங்கள். பாம்பு நகர்ந்துவிடும். கல்லைப் புரட்டும்போது உங்களுக்கு அருகில் உள்ள விளிம்பைத் தூக்காமல், எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கிச் சாய்த்துத் தூக்குங்கள். தேளோ பூரானோ இருந்தால் உங்களை நோக்கி வராது. கோபுரத்தில் கதண்டு என்னும் கொடிய குளவியின் கூடு தெரிந்தால் அந்தப் பக்கம் புகை போடாதீர்கள், கல் எறியாதீர்கள். தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள். பாம்பு கடித்துவிட்டால் நாட்டு மருந்து தேடி நேரத்தை இழக்காமல் கடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், நச்சுமுறிவு மருந்து அங்கே இருக்கும். வௌவால் எச்சம் குவிந்த மண்டபத்தை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கைக் கட்டிக்கொண்டு வழித்து எடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

செய்யத் தகாதவை

செய்ய வேண்டியதைவிட இதை நான் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் அன்பினால் செய்யப்படும் கேடு, அலட்சியத்தால் வரும் கேட்டைவிட வேகமானது.

மதிலிலும் விமானத்திலும் முளைத்த அரசங்கன்றைப் பார்த்தவுடன் பிடுங்கக் கை துடிக்கும். எனக்கும் துடித்தது. முதல் மாதத்தில் ஒரு கன்றைப் பற்றி இழுத்தேன். வேரோடு இரண்டு செங்கற்களும் சுண்ணாம்புக் காரையும் என் காலடியில் விழுந்தன. பல நூறு ஆண்டுகள் நின்ற கட்டுமானத்தை என் கை பெயர்த்துவிட்டது என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. பறவைகளின் எச்சத்தில் வந்த விதை இடுக்கில் முளைத்து வேரை உள்ளே வெகுதூரம் விட்டிருக்கும். விரல் பருமன்கூட இல்லாத இளங்கன்றாக இருந்தால், தரையிலிருந்து எட்டும் உயரத்தில், வேர் எளிதாக வரும்போது மட்டும் எடுக்கலாம். மற்றதை எல்லாம் படம் எடுத்து, கடிதத்தோடு அலுவலரிடம் கொடுங்கள். தண்டை அறுத்து, வேரை மருந்திட்டுக் கொன்று, இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைப்பது பயிற்சி உள்ளவர்களின் வேலை. சாரத்தில் ஏறுவதும் அப்படியே.

கல்வெட்டுகள் அடுத்தது. கருவறையைச் சுற்றி வரும் அடித்தளக் கட்டில், குமுதம், பட்டிகை என்னும் கல் வரிசைகளில் எழுத்து வரிசை ஓடும். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்குவதைப் புதியவர்கள்கூடக் கண்டுகொள்ளலாம். எந்தக் காலத்தில் யார் விளக்கெரிக்க ஆடு கொடுத்தார், யார் நிலம் கொடுத்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. அதன்மேல் கம்பித் தூரிகை போடாதீர்கள். அமிலம் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு அடிக்காதீர்கள். எண்ணெய் பூசிப் பளபளப்பாக்காதீர்கள். மணல் வீச்சு முறையில் கல்லைச் சுரண்டுபவர்களை அழைக்கவே அழைக்காதீர்கள். அது எழுத்தின் விளிம்பையும் சிற்பத்தின் நகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். தூசியைத் தென்னை நார்த் தூரிகையாலும் வெறும் தண்ணீராலும் மெல்லத் துடைத்தால் போதும். தரையில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் வெந்நீரும் சீயக்காய்த் தூளும். பித்தளை விளக்குகளைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கலாம். செப்புத் திருமேனிகளை அப்படித் தேய்க்கக் கூடாது. அவற்றைத் தொடுவதும் குருக்களின் பொறுப்பு.

செடிகளிலும் கவனம் வேண்டும். சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் போகட்டும். வில்வம், வன்னி, நந்தியாவட்டை, செவ்வரளி, தும்பை ஆகியவற்றை அடையாளம் தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள். தலமரத்தின் கன்று புதருக்குள் ஒளிந்திருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, வெட்டக் கூடாத செடிகளுக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

மண்ணுக்குள்ளிருந்து சிலையோ காசோ கல்வெட்டோ கிடைத்தால்? வேலையை நிறுத்திவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் கோயில் பொறுப்பாளருக்கும் உடனே சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி இப்படிக் கிடைப்பவை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். திருப்புகலூரில் அப்பர் செதுக்கும்போது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னியதாகவும், அவர் அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து அள்ளிக் குளத்தில் எறிந்ததாகவும் பெரியபுராணத்தில் வரும். நாம் குளத்தில் எறிய வேண்டியதில்லை. எழுத்து மூலம் ஒப்படைத்துவிட்டு, மறுபடி புல்லுக்குத் திரும்பினால் போதும்.

யாருக்கு என்ன வேலை

"எனக்கு முழங்கால் மடங்காது, நான் வந்து என்ன செய்ய?" இதை வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். அப்பர் 81 வயது வரை வாழ்ந்தார் என்பது மரபு. கடைசி நாட்களில் திருப்புகலூரில் அவர் செய்துகொண்டிருந்ததும் இதே உழவாரப் பணிதான். திருவாரூர்த் தண்டியடிகளுக்குக் கண் தெரியாது. கமலாலயக் குளம் தூர்ந்துபோனதைக் கேட்டு, குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்து, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே போய் மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டினார். அந்தக் கயிறுதான் இந்த வழிகாட்டியின் மையம் என்று எனக்குத் தோன்றும். அவர் கண் கிடைத்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்கவில்லை. தமக்கு ஏற்றபடி வேலையை மாற்றிக் கட்டிக்கொண்டார்.

உட்கார்ந்து செய்யும் வேலை நிறைய இருக்கிறது. திரி திரிப்பது, மாலை கட்டுவது, விளக்குத் துலக்குவது, காய் நறுக்குவது. குரல் இருப்பவர் வேலை நடக்கும்போது பதிகம் ஓதலாம். மற்றவர்களின் கை ஓயாமல் இருப்பதற்கு அதைப் போல ஒன்றில்லை. வங்கியிலோ அலுவலகத்திலோ இருந்தவர் கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் வரட்டும். ஆசிரியராக இருந்தவர் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக் கல்வெட்டின் ஒரு வரியைப் படித்துக் காட்டட்டும். கல்லூரி மாணவர்கள் பாரம் சுமக்க மட்டும் பிறந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். கோயிலின் நாற்புறத்தையும் முறையாகப் படம் எடுத்து, தேதி போட்டுச் சேர்த்து வைக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். ஒரு தூண் சாய்கிறதா, ஒரு விரிசல் வளர்கிறதா என்பதை ஓராண்டுப் படங்களை அருகருகே வைத்தால் தெரிந்துகொள்ளலாம். சிறு பிள்ளைகள் உதிர்ந்த பூ பொறுக்கட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். அரிவாளும் மண்வெட்டியும் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கும் இடம் உண்டு. என் குழுவில் வெளியே வர இயலாத ஒரு அம்மா இருக்கிறார். சனிக்கிழமை இரவில் எல்லோருக்கும் தொலைபேசியில் பேசி, யார் வருகிறார், யாருக்குக் காய்ச்சல், யார் வண்டியில் இடம் இருக்கிறது என்று கேட்டுச் சொல்பவர் அவரே. அவர் இல்லாமல் நாங்கள் ஒருநாளும் சேர்ந்திருக்க மாட்டோம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ரொக்கமாகத் திரட்டாதீர்கள், பணம் வந்தவுடன் சந்தேகமும் வரும். நல்லெண்ணெய் டின், துடைப்பம், வாளி என்று பொருளாக வாங்கிக் கோயிலில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். பூசைக்கே வழியில்லாத கோயில் என்றால் அறநிலையத் துறையின் ஒரு கால பூசைத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று செயல் அலுவலரிடம் விசாரியுங்கள். சேராமல் இருந்தால் விண்ணப்பிக்க ஊர்க்காரர்களுக்கு உதவுங்கள். பத்து நாள் புல் செதுக்குவதைவிட அது பெரிய பணி.

முதல் நாள் எப்படிப் போகும்

வாசலில் எல்லோரும் கூடி விநாயகரை வணங்கி, ஒரு பதிகம் ஓதித் தொடங்குவது வழக்கம். குழுவில் ஒருவரையொருவர் ஐயா, அம்மா என்றுதான் அழைப்பார்கள். "சிவாயநம" என்று சொன்னால் அதுவே வணக்கம், விடைபெறுதல், நன்றி எல்லாம். உங்கள் உத்தியோகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் கேட்காதீர்கள். முதலில் நடைபாதை, பிறகு திருச்சுற்று, பிறகு மண்டபம் என்று வெளியிலிருந்து உள்ளே போங்கள். பாதையில் முள் இல்லாமல் போனால்தான் வெறுங்காலுடன் வேலை செய்ய முடியும். கருவறைக்குள் போக வேண்டாம்; அர்த்த மண்டபத்துக்கும் குருக்கள் அழைத்தால் மட்டும். குப்பையைக் கோயில் மதிலுக்கு வெளியே கொட்டிவிட்டு வருவது சுத்தம் ஆகாது. பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்து ஊராட்சியிடம் சேர்க்க ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். வெட்டிய புல்லை அங்கேயே கொளுத்தாதீர்கள், கல் சூட்டில் வெடிக்கும். நந்தவன ஓரத்தில் குழி எடுத்துப் போட்டால் எருவாகும்.

வேலை முடிந்ததும் குளித்தோ கைகால் கழுவியோ எல்லோருமாக வழிபட்டு, மண்டபத்தில் அமர்ந்து சாப்பிடுவோம். பெரும்பாலும் புளியோதரையும் தயிர்சாதமும். முதல் நாள் வந்தவர்களிடம் அப்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: அவர்கள் திரும்பித் திரும்பித் தாம் செதுக்கிய இடத்தையே பார்ப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

திருக்கடம்பூரில் அப்பர் பாடியது எல்லோருக்கும் தெரிந்த வரி, "என் கடன் பணி செய்து கிடப்பதே". அதற்கு முந்தைய அடியைப் பலரும் சொல்வதில்லை. 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்' என்று அது இருக்கிறது. தாங்குவது அவன் பொறுப்பு; எனக்கு உரியது பணி மட்டும். பலன் எப்போது வரும், என் வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற கவலையை அந்த முதல் பாதி எடுத்துக்கொள்கிறது. நான் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தான் மண்வெட்டியை எடுப்பேன். வைணவத் தலங்களில் கைங்கரியம் செய்பவர்களும், பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் பெருக்கித் துடைத்துப் பரிமாறுபவர்களும் இதைத் தம் சொற்களில் அறிந்திருப்பார்கள்.

மறுநாள் இடுப்பும் தொடையும் வலிக்கும். வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் சரியாகும். வலி தீர்வதற்கு முன்பே அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை போய் நீர்த்தாரைகளில் அடைத்த சருகை எடுத்துவிட்டால் மண்டபக் கூரை அந்த ஆண்டு ஒழுகாது. மழை நின்று தை பிறந்ததும் மண் இளகியிருக்கும், கோரைக்கிழங்கு வேரோடு வரும். மாசி சிவராத்திரிக்குள் முடிக்க அதுவே சரியான காலம். சித்திரைச் சதயம் அப்பர் குருபூசை. அன்று உங்கள் கோயிலில் நால்வர் சிலைகள் இருந்தால், குருக்களிடம் கேட்டுக்கொண்டு, அவர் கையில் உள்ள உழவாரத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை வெறும் துணியால் மெல்லத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.